பதினான்கு கிணறுகளின் மூச்சு

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், சனிக்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்கு, மதுரை காளவாசலில் உள்ள எங்கள் அறக்கட்டளையின் மாடியறையில் தேர்வுக்குழு கூடியது. கல்வி, ஆராய்ச்சி, இளைஞர் பணி ஆகிய மூன்று பிரிவுகளிலும் நிதிநல்கை கோரி வந்திருந்த விண்ணப்பங்கள் முப்பத்தொன்று. தலைவர், ஜவுளி வணிகரான நாகசுப்பிரமணியன்; செயலர் நான். முப்பது விண்ணப்பங்கள் முடிவாயின. எஞ்சியது அன்னக்கொடியினுடையது.

அன்னக்கொடி நிலத்தடி நீரைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்பவர். டி. கல்லுப்பட்டியைச் சுற்றியுள்ள பதினான்கு கிணறுகளில் வாரந்தோறும் நீர்மட்டம் அளக்கப்படும். அளப்பவர்கள் அவ்வூர் இளைஞர் இருவர். ஒரு வாரம் அஸ்வினி, மறுவாரம் விருமாண்டி. அளவுகள் கைபேசி வழியாக மதுரைக்கு வரும். முதலாண்டு நல்கை முடிந்துவிட்டது. மறு நல்கை கிடைக்காவிட்டால் ஆய்வை விட்டுவிட்டு, கப்பலூரில் அவருடைய அண்ணன் பேசிவைத்திருக்கும் தொழிற்சாலை வேலையில் அக்டோபர் முதல் தேதி அவர் சேர வேண்டும். இதை அவர் விண்ணப்பத்தில் எழுதவில்லை. நான் கேட்டபோதுதான் சொன்னார்.

குழுவின்முன் வந்திருந்த அவர் நீர்மட்ட வரைபடத்தை மேசைமீது விரித்தார். பதினான்கு நீலக் கோடுகள். ஒரு வாரம் அனைத்தும் ஏறின. மறுவாரம் அனைத்தும் இறங்கின. மழை மாதத்திலும் கோடையிலும் அந்த ஒழுங்கு கலையவில்லை. மின்விசிறிக் காற்றில் தாள் மெல்ல எழுந்து தாழ்ந்தது. கீழே பேருந்துகளின் இரைச்சல் எங்கோ விலகிப் போயிற்று. கரிசல் மண்ணுக்கு அடியில் ஏதோ ஒன்று நெடுங்காலமாக உறங்குகிறது என்றும், பதினான்கு வாய்களால் அது மூச்சு விடுகிறது என்றும் எனக்குத் தோன்றியது. குழுக்கூட்டத்தில் இப்படி நினைப்பது முறையன்று. ஆயினும் நினைத்தேன்.

“கிணறு மூச்சு விடுதும்மா,” என்றார் தலைவர். “நாப்பது வருசமா சேலையும் கரையும் பாத்தவன் நான். இம்புட்டு அழகா ஒரு டிசைனப் பாத்ததில்ல.”

“காரணம் இன்னும் பிடிபடலைங்க ஐயா,” என்றார் அன்னக்கொடி. “பாறைக்குக் கீழ ஏதோ இருக்கணும்.”

நேரில் பார்த்தபின் முடிவெடுப்பது என்று ஒத்திவைத்தோம்.

செப்டம்பர் 19ஆம் நாள், வியாழக்கிழமை காலை, தலைவரும் நானும் அன்னக்கொடியும் டி. கல்லுப்பட்டியில் முதல் கிணற்றின் அருகே நின்றோம். நாங்கள் வருவதால் அளப்பவர் இருவருமே வந்திருந்தனர். சோளத்தட்டைகளுக்கு மேல் தட்டான்கள் அசையாமல் மிதந்தன. கிணற்றுக்குள் வானம் சிறு வட்டமாகக் கிடந்தது. ஒரு மேகம் அதற்குள் நுழைந்து, வெளியேற மறந்ததுபோல் நின்றது. தலைவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அஸ்வினி கல் கட்டிய கயிற்றை இறக்கினாள். கல் நீரைத் தொட்டதும் கிணற்று விளிம்பின் மட்டத்தில் கயிற்றில் முடிச்சுப் போட்டு, அதை மேலே இழுத்து, பூ அளப்பதுபோல் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை அளந்தாள்.

“இருபத்தோரு முழம்.”

“எங்கிட்டு இருபத்தொண்ணு? போன வாரம் பதினெட்டுதேன்,” என்று விருமாண்டி கயிற்றை வாங்கி அளந்தான். “இந்தா பாரு. பதினெட்டு.”

“ஓங் கை பனமட்ட மாதிரி இருந்தா பதினெட்டுதேன் வரும்ணே. பூக்காரியா இருந்திருந்தா ஊரே ஓங் கடைலதான் நிக்கும்.”

அன்னக்கொடி இருவர் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் குடுத்த டேப்பு எங்க?”

“மொத மாசமே கிணத்துக்குள்ள போயிருச்சுக்கா,” என்றாள் அஸ்வினி. “சொன்னா வைவீகன்னு சொல்லல. முழத்துக்கு நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர்னு போட்டு அனுப்பிட்டோம். கணக்குல ஒரு தப்பும் இருக்காது.”

மேகத்தையே பார்த்திருந்த தலைவரின் காதில் இவற்றில் எதுவும் விழவில்லை. தவறான அளவுகளை அளித்தவருக்கு மறு நல்கை இல்லை என்பது எங்கள் விதி. அன்னக்கொடி அதை அறிவார். அவர் என்னைப் பார்த்தார். தலைவரிடம் இதைச் சொல்ல வேண்டியவர் நானல்ல, அவர்தான்.

திரும்பும் வழியெல்லாம் காரின் இருபுறமும் வெயிலில் நிலம் நீரைப்போல் நெளிந்தது. திருமங்கலம் தாண்டியதும் தலைவர் கண்களை மூடியபடியே சொன்னார்: “பேப்பர்காரங்களக் கூப்பிடுவோம்மா. மூச்சு விடும் கிணறுகள்னு போடட்டும்.”

“வேணாங்க ஐயா,” என்றார் அன்னக்கொடி. “கிணறு மூச்சு விடல. விருமாண்டிக்குக் கை நீளம். அம்புட்டுதான்.”

அவர் முழுவதையும் சொல்லி முடிக்கும்போது கார் கப்பலூரைக் கடந்துகொண்டிருந்தது. தலைவர் கண்களைத் திறந்தார்.

“அழகா இருந்துச்சேம்மா,” என்றார்.

“எனக்கும் அப்படித்தாங்க ஐயா இருந்துச்சு.”

அன்று மாலையே அன்னக்கொடி கிராமத்துக்குத் திரும்பிச் சென்று இருவருடைய கைகளையும் அளந்தார். அஸ்வினியின் முழம் நாற்பத்துமூன்று சென்டிமீட்டர். விருமாண்டியின் முழம் ஐம்பது. எந்த வாரம் யார் அளந்தார் என்பது குறிப்பேட்டில் இருந்தது. அதன்படி திருத்தியபோது கோடுகளின் அசைவு அடங்கிற்று. மழைக்குப்பின் அவை சிறிது ஏறின. பிறகு பதினான்கும் ஆய்வாண்டு முடியும்வரை நிதானமாக இறங்கியிருந்தன.

செப்டம்பர் 28ஆம் நாள் குழு மீண்டும் கூடி முடிவு செய்தது. விதியின்படி மறு நல்கை மறுக்கப்பட்டது. திருத்திய அளவுகளின் அடிப்படையில் அன்னக்கொடி புதிதாக அளித்த விண்ணப்பத்துக்கு, ஓராண்டுக்குப் பதிலாக ஆறு மாத நல்கை வழங்கப்பட்டது. வாரம் இருநாள் அவர் கிணறுகளுக்கு நேரில் செல்ல வேண்டும். இரண்டு எஃகு நாடாக்கள் வாங்கப்பட வேண்டும். அஸ்வினியும் விருமாண்டியும் பணியில் தொடர்வர். செய்தித்தாளுக்கு எதுவும் அனுப்பப்படவில்லை. அன்னக்கொடி நிபந்தனைகளை ஏற்றுக் கையொப்பமிட்டார். கப்பலூர் வேலைக்குச் செல்லவில்லை.