நாலாம் நம்பர் சிவப்பு

ஓசூர் வார்ப்பட ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதன் முன்னால் உட்கார எல்லாருக்கும் பயம். எலெக்ட்ரிகல் செக்‌ஷன் ஐசக்குக்கு மட்டும் அதை விட்டு எழ மனசு வராது. திரையில் இங்கிலீஷில் வரும் எச்சரிக்கையை வாசிக்க அங்கே ஆள் இல்லை. கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று ஆளுக்கொரு பேச்சு, எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் குறைவு. எழுத்துக்குப் பதில் படம் போட்டால் என்ன என்று அவன் யோசித்தான். படம் வரைய ஒரு புரோகிராமையும் தானே எழுதிவிட்டான்.

திரை முழுக்கக் கட்டங்கள் வரும். கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்தால் குட்டிப் படம் தயார். ஓரத்தில் பதினாறு வண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எந்த நம்பருக்கு எந்த நிறம் என்பதை மாற்றவும் செய்யலாம். ஒரு நிறத்தை மாற்றினால் அந்த நம்பர் வைத்த எல்லாப் படங்களும் கூடவே மாறிவிடும். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வார்ப்பு அச்சுக்கு மணல் கலக்கும் மிக்சருக்கும் ஒரு படம் போட்டிருந்தான். கதவு மூடியிருந்தால் பச்சை. உள்ளே ஒட்டிய மணலைச் சுரண்ட ஆள் இறங்கிக் கதவு திறந்திருந்தால் சிவப்பு. அது நாலாம் நம்பர். ஆபரேட்டர் மாரிசாமி உட்காரும் அறையிலிருந்து மிக்சர் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் சுவிட்ச் போடுவார். கதவு திறந்திருந்தால் மோட்டாரே ஓடாதபடி செய்திருக்கலாம்தான். அதற்குச் செலவாகும். ஐசக்கின் படம் இனாம்.

ஆயுத பூஜை வந்தது. "கம்ப்யூட்டர்லயும் பூஜைப் படம் ஒண்ணு போடுங்க ஐசக்" என்றார் சூப்பர்வைசர் ராஜப்பன். ஐசக் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன். ஆனாலும் சந்தோஷமாக உட்கார்ந்தான். மஞ்சள் வந்தது, குங்குமத்துக்கு வேறொரு அடர்சிவப்பு வந்தது. வாழைக்கன்றின் இளம்பச்சைக்குத்தான் இடமில்லை. பூஜைப் படத்தில் நாலாம் நம்பர் சும்மா கிடந்தது. அதை இளம்பச்சை ஆக்கினான். அன்று மிக்சர் ஓடாது, பூஜை முடிந்ததும் திருப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

பூஜை முடிந்தது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், பொட்டு, சாமந்தி மாலை. ஐசக் விசைப்பலகையில் கை வைக்கப் போனான்.

"பூஜைக்கு வெச்சத இன்னைக்குத் தொடக்கூடாதுங்க" என்றார் ராஜப்பன். "நாளைக்குக் காலைல எடுத்துக்கலாம்."

எதற்காகத் தொட வேண்டும் என்று அவன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வேறு சாமி கும்பிடுகிறவன் அவர்கள் பூஜையில் குறுக்கே நிற்கிறான் என்று ஆகிவிடுமோ என்று கூச்சம். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவோம் என்று போய்விட்டான். பாழாய்ப்போன கூச்சம்.

மறுநாள் ஐசக் வந்த கெலமங்கலம் பஸ் வழியில் நின்றுபோனது. ஆலையில் மாலையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மணல் சுரண்டும் கரியப்பன் மிக்சருக்குள் இறங்கினான். அறையில் மாரிசாமி திரையைப் பார்த்தார். படம் பச்சையாக இருந்தது. கொஞ்சம் வெளுத்த பச்சை, ஆனாலும் பச்சைதான். சுவிட்சைப் போட்டார்.

ஐசக் வந்து சேர்ந்தபோது மிக்சரைச் சுற்றிக் கூட்டம். கரியப்பனை எடுத்துக் கோணியில் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் அவனால் பார்க்க முடியவில்லை. ராஜப்பனைத் தனியே இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னான்.

ராஜப்பன் அவனைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளினார். "மொதல்ல அத மாத்துங்க. இப்படியே விட்டா இன்னொருத்தன் சாவான்."

அது நியாயம். ஐசக்கால் மறுக்க முடியவில்லை. ஆளில்லாத அறையில் உட்கார்ந்து நாலாம் நம்பரைச் சிவப்பாக்கினான். மிக்சர் படம் சட்டென்று சிவந்தது. கதவு இன்னும் திறந்துதான் கிடந்தது.

"இனி வாயத் தெறக்காதீங்க" என்றார் ராஜப்பன்.

பிற்பகல் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். மாரிசாமியைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, "இது என்ன நிறம்?" என்று கேட்டார்.

"செவப்புங்க."

"காலைல?"

"பச்சையா இருந்துச்சுங்க."

"கதவு அப்பவும் தெறந்துதான இருந்தது? எப்படிப் பச்சையா இருக்கும்?"

மாரிசாமி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கரியப்பனும் அவரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிடுகிறவர்கள். கண்களைக் கசக்கினார், மறுபடி பார்த்தார். பிறகு ஐசக் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க போட்ட படம். நீங்க சொல்லுங்க. செவப்பாத்தான் இருந்திருக்கும், இல்லீங்களா? எங் கண்ணுதான் ஏமாத்திருச்சா?"

ஐசக் வாயைத் திறந்தான். இரண்டு பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள், வேலை நினைவுக்கு வந்தது, ஜெயில் நினைவுக்கு வந்தது. ராஜப்பன் அவனைப் பார்க்கவே இல்லை.

ஐசக் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"அப்படித்தாங்க இருக்கும்" என்றார் மாரிசாமி. இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.