தாழ்ப்பாள்: நல்ல நிலையில்

"துண்டு தொங்குதே, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று குளியலறைக்குள்ளிருந்து அக்கா கத்தினாள்.

"என் கண்ணாடி உள்ள இருக்கு. கண்ணாடி இல்லாம துண்டு எப்படித் தெரியும்?"

கதவு ஒரு சாண் திறந்தது. சோப்பு நுரையோடு ஒரு கை நீண்டது. அதில் என் மூக்குக்கண்ணாடி. "இந்தா, பிடி. மருந்துப் பெட்டியில இருக்குற பொடி எழுத்தெல்லாம் படிக்கிறவளாம். இத்தனை பெரிய துண்டு தெரியலையாம்."

எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் விழாது. குடிவந்த நாளிலிருந்தே விழாது. கம்பி ஒரு பக்கம், துளை ஒரு பக்கம், இரண்டுக்கும் எட்டாம் பொருத்தம். அதனால் உள்ளே போகிறவள் வெளிக் கைப்பிடியில் ஒரு பழைய துண்டைத் தொங்கவிட வேண்டும், துண்டு தொங்கினால் மற்றவள் கதவைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அன்று காலை அந்தச் சட்டத்தை மீறினேன், திட்டு வாங்கினேன், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பதினோரு மணிக்கு அக்கா தன் அலுவலக மேசையிலேயே சாய்ந்துவிட்டாள். மருத்துவமனை வாசல் வரைக்கும்கூட அவள் இதயம் காத்திருக்கவில்லை.

அக்கா ஒரு வீட்டுத் தரகர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வாடகை ஒப்பந்தம் தட்டச்சு செய்தவள். அவள் சாய்ந்தபோது திரையில் பாதி ஒப்பந்தம் இருந்ததாம். "வாடகைதாரர் வீட்டைக் காலி செய்யும்போது" என்ற இடத்தில் நின்றிருந்ததாம். தரகரே இதை என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீதியை அன்று மாலைக்குள் வேறொரு பெண்ணை உட்காரவைத்து முடித்ததை மட்டும் சொல்லவில்லை. அதைப் பிறகு அந்தப் பெண்ணே சொன்னாள்.

தரகருக்கு அக்கா வைத்த பெயர் விளம்பரம். "நல்ல காத்து, நல்ல வெளிச்சம், நல்ல தண்ணி" என்று மூன்று நல்லது சேர்க்காமல் அந்த மனிதருக்கு ஒரு வாக்கியம் முடியாது. துக்கம் கேட்க வந்தபோதும், "நல்ல மனசு, நல்ல உழைப்பு, நல்ல சாவு" என்றார். சிரிப்பை மறைக்க அக்கா இருக்கும் பக்கம் திரும்பினேன். அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

சாயங்காலங்களில் காய் நறுக்கிக்கொண்டே அக்கா தன் தொழிலின் சொற்களுக்குப் பொருள் சொல்வாள். கச்சிதமான வீடு என்றால் இரண்டு பேர் முறை வைத்து மூச்சு விட வேண்டும். காற்றோட்டமான வீடு என்றால் ஜன்னல் மூடாது. பாதி சாமான்களுடன் என்றால், முன்னால் இருந்தவன் கழற்ற மறந்த இரண்டு கொக்கிகள். குடும்பத்தினருக்கு மட்டும் என்றால் கல்யாணம் ஆகாத அக்கா தங்கைகளுக்குக் கிடையாது, கட்டிய மனைவியை அடிக்கிறவனுக்கு உண்டு.

"சாதாரணத் தேய்மானம்னு போடுறியே, அது என்னக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாம சுவத்துல சாஞ்சா அது சேதம். அவங்க கூரை நம்ம தலையில ஒழுகினா அது சாதாரணத் தேய்மானம்."

"முன்னறிவிப்பு?"

"நாம போறதுன்னா ரெண்டு மாசம் முன்னாடி எழுதிக் கொடுக்கணும். அவங்க போகச் சொல்றதுன்னா தொண்டையைக் கனைச்சாப் போதும்."

"உடன் வசிப்பவர்?"

"அது நீதான்டி. வீட்டுல இருக்கலாம், காகிதத்துல இருக்கக் கூடாது" என்று கத்தியை என் பக்கம் நீட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நாங்கள் செய்த தப்பு இந்த உலகத்தில் எங்கள் இருவரால் மட்டுமே செய்யக்கூடியது. நான் ஓர் அச்சகத்தில் மருந்துகளோடு வைக்கிற விளக்கத் தாள்களைப் பிழை திருத்துகிறவள். எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அக்காவோ தட்டச்சு செய்வதைப் படிக்கிற வழக்கம் இல்லாதவள். "படிச்சா கை நின்னுடும்" என்பாள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டு ஒப்பந்தத்தை அவளே அடிப்பாள், அவளே கையெழுத்துப் போடுவாள். அதைத் தட்டின் அடியில் வைத்து அலமாரியை மூடிவிடுவாள். அடித்தவள் அவள் என்பதால் நான் படிக்கவில்லை. படிக்கிற தங்கை வீட்டில் இருக்கிறாள் என்பதால் அவள் கவலைப்படவில்லை. ஊராரின் பொடி எழுத்தை எல்லாம் பார்த்த இரண்டு பேரும் சொந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை.

அக்கா போய் இரண்டு வாரம் கழித்து விளம்பரம் மறுபடி வந்தார். கூடவே வீட்டுக்காரரின் மாப்பிள்ளை. பெரியவருக்கு முடியாததால் சொத்தெல்லாம் இவர் கையில். உட்காரச் சொன்னேன். மாப்பிள்ளை உட்காராமல் தேங்காய் வாங்குகிறவர் போலச் சுவர்களைத் தட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத" என்று விளம்பரம் தொடங்கினார். "சட்டப்படி ஒரு நிலவரம் இருக்கு. வாடகைதாரர் உங்க அக்கா. நீ உடன் வசிப்பவர். வாடகைதாரரே போயிட்டா..."

"உடன் வசிக்க ஆளில்ல. அதானேண்ணே?"

"பாத்தீங்களா மாப்பிள்ளை, எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்குது! நல்ல புத்தி, நல்ல பக்குவம்..." மூன்றாவதைத் தேடினார். "நல்ல இடம் ஒண்ணு பாத்துத் தரேன்."

"கச்சிதமான இடமாண்ணே?"

"ரொம்பக் கச்சிதம்!"

"காத்தோட்டம்?"

"ஜன்னலைத் திறக்கவே வேணாம், தானா வரும்."

மாப்பிள்ளை பொறுமையிழந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினஞ்சு நாள் போதும் இல்லீங்களா? பெயின்ட் அடிச்சு அடுத்த ஆளுக்குக் கொடுக்கணும். வீடுன்னா சும்மா கிடக்கக் கூடாது பாருங்க."

"நான் இருக்கேனே. எப்படிச் சும்மா கிடக்கும்?"

"நீங்க இருக்கறது கணக்குல வராதுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டும் இரண்டும் நாலு என்பது போலச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நின்றேன். வேறு வீடு கிடைக்காமல் போகாது. ஆனால் அக்கா திட்டின கதவு வேறெந்த வீட்டிலும் இருக்காது. எனக்கு அந்த வீடுதான் வேண்டும். அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

மறுநாள் விடுமுறை. அலமாரியைத் திறந்து தட்டின் அடியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே தெரிந்தது, காலம் முடிய இன்னும் இரண்டு வருடமும் ஒரு மாதமும் இருந்தது. மேசையில் பரப்பி, வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, பென்சிலோடு படித்தேன். வேலை செய்வது போலத்தான் படித்தேன், அதனால்தான் அழாமல் படிக்க முடிந்தது. பதினாறு பிரிவுகள் வரை அக்கா சொன்ன பொருள்தான். பதினேழில் ஸ்கேல் நின்றது.

"வாடகைதாரர் காலமாகும் பட்சத்தில், அவருடன் வசிப்பவர் ஒப்பந்தக் காலம் முடியும் வரை அதே வாடகைக்கு, அதே நிபந்தனைகளின்படி வாடகைதாரராகத் தொடரலாம்."

ஸ்கேலை எடுத்துவிட்டுப் படித்தேன். மறுபடி வைத்துப் படித்தேன். அக்கா எனக்காக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நெஞ்சு ஒருமுறை எழும்பியது. அடுத்த வரியில் அது உட்கார்ந்துவிட்டது.

"18. நோயாளிகள் தங்கள் காலணிகளை மாடிப்படியில் விடலாகாது."

எங்கள் வீட்டுக்கு எந்த நோயாளியும் வந்ததில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா வெறும் தாளில் தொடங்கவே மாட்டாள். அந்தத் தொழிலில் யாருமே தொடங்குவதில்லை. ஏதாவது பழைய ஒப்பந்தத்தைத் திறப்பார்கள், பெயரை மாற்றுவார்கள், தேதியை மாற்றுவார்கள், மற்றதெல்லாம் அப்படியே வரும். பல வருடம் முன்பு வீடும் கிளினிக்குமாக ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்த ஒரு டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லி அடிக்க வைத்த கதையை அவளே சொல்லியிருக்கிறாள். தன் நெஞ்சைத் தானே கேட்டுப் பார்த்தவர் போல, மனைவியைப் பற்றிய கவலையில் இருந்தாராம். அவர் மனைவிக்காக எழுதினதுதான் எங்கள் அலமாரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பிரிவை மட்டும் அக்கா வேண்டுமென்றே விட்டுவைத்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். செருப்பையும் சேர்த்து விட்டிருக்கிறாளே, எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை விளம்பரத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அக்காவின் நாற்காலியில் அந்தப் பெண் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். "உக்காரும்மா, நாற்காலி என்ன பண்ணும்" என்றேன். மாப்பிள்ளையும் அங்கே இருந்தார். பதினேழாம் பிரிவைச் சத்தமாகப் படித்தேன்.

விளம்பரம் காகிதத்தை வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். "இது தவறுதலா வந்ததும்மா. வேற யாரோட ஒப்பந்தத்துலயோ இருந்தது."

"வாடகைத் தொகையும் அதே கைதாண்ணே அடிச்சது. அது தவறுதலா வரலையே?"

"நாங்க இதைப் படிக்கவே இல்லங்க!" என்றார் மாப்பிள்ளை.

"கீழ பாருங்க. 'முழுவதும் படித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, சுயநினைவோடு கையெழுத்திட்டது.' மாமனாருக்கு முடியலன்னு நீங்கதானே அவருக்காகப் போட்டிருக்கீங்க?"

"அது எல்லாரும் போடுறதுங்க! அதைப் போய் யாராவது படிப்பாங்களா?"

"நானும் படிக்கலதான். முந்தாநாள் வரைக்கும்."

"சாட்சி யாரு?" என்று மாப்பிள்ளை விளம்பரத்தின் பக்கம் சீறினார். "சாட்சி என்ன பண்ணிட்டிருந்தான்?"

சாட்சிக் கையெழுத்தும் விளம்பரத்தினுடையதுதான். அவர் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு நல்லதுகூட வாயில் வரவில்லை. நாற்காலிப் பெண் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள், அவள் தோள் மட்டும் குலுங்கியது.

மாப்பிள்ளை லேசில் விடுகிற ஆளில்லை. நிபந்தனையை மீறினால் வெளியேற்றலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. அடுத்த வாரம் அதற்காகவே, வீட்டைச் சோதிக்கிறேன் என்று, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அது சாமான் பட்டியல், வீட்டை ஒப்படைத்தபோது எது எந்த நிலையில் இருந்தது என்று சொல்கிற பக்கம். குழாயைத் திருகினார், சுவிட்சைத் தட்டினார், எதுவும் சிக்கவில்லை. கடைசியில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அது தானாகவே திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தது. உள்ளே நின்றிருந்தவர் முகத்தில் தீபம் ஏற்றினது போல ஒரு மலர்ச்சி.

"தாழ்ப்பாளை உடைச்சிருக்கீங்க!"

"வந்த நாள்லருந்தே அது அப்படித்தாங்க."

"இதோ இருக்கு பாருங்க. 'குளியலறைத் தாழ்ப்பாள் ஒன்று, நல்ல நிலையில்.' நல்ல நிலையில கொடுத்ததை உடைச்சிருக்கீங்க. இது மீறல்தானே? நீங்கதானே காகிதம் காகிதம்னு பேசறவங்க?"

வெறும் பட்டியல்தானே என்று அந்தப் பக்கத்தை மட்டும் நான் படிக்காமல் விட்டிருந்தேன். அவர் கையிலிருந்த பக்கத்தை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனேன். பட்டியலை மேலிருந்து கீழாக, வேலை செய்வது போல, விரலை வைத்துப் படித்தேன்.

"தாழ்ப்பாளுக்கு அடுத்த வரியைப் படிச்சீங்களா?" என்றேன்.

"எதுக்கு?"

"'நோயாளி படுக்கும் மேசை ஒன்று, நல்ல நிலையில். எடை பார்க்கும் கருவி ஒன்று, நல்ல நிலையில். கண் பரிசோதனை அட்டை ஒன்று.' இதெல்லாம் நீங்க எனக்குக் கொடுத்ததா நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எங்க வச்சிருக்கீங்க? எப்ப அனுப்புறீங்க?"

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அந்த மேசை எங்கேயாவது மூலையில் மறைந்திருக்கும் என்ற நப்பாசை அந்தப் பார்வையில் இருந்தது.

"பட்டியல் உண்மைன்னா மேசை வேணும். பொய்யின்னா தாழ்ப்பாளும் பொய். நீங்களே சொல்லுங்க."

"உங்க அக்கா செஞ்ச வேலை இது!" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "அவளேதான்."

படியிறங்கும்போது அவர் யாரிடமோ போனில் விளம்பரத்தைத் திட்டிக்கொண்டே போனார். தச்சரை அனுப்புகிறேன் என்று வாசலில் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தார். யாரும் வரவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

அதெல்லாம் நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது, பதினேழாம் பிரிவுக்கும் தெரியாது. அச்சகத்துக்குப் போகிறேன், வருகிறேன். காலையில் குளிக்கப் போகும்போது பழைய துண்டை வெளிக் கைப்பிடியில் தொங்கவிடுகிறேன்.

தாழ்ப்பாள் விழுவதில்லை.