காதுக்குள் ஊதும் சங்கு

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதற்கும் ஒரு சத்தம் வேண்டியிருக்கிறது. படுக்கையை விட்டு எழுந்திருக்க செல்போன் கத்த வேண்டும். காரைப் பின்னால் எடுக்க, காரே ஒரு பாட்டுப் பாட வேண்டும். மத்தியானச் சோற்றுக்குக் கம்பெனிச் சங்கு ஊத வேண்டும். ஊதாவிட்டால் பசியே எடுக்காது. கண் என்று ஒன்று முகத்தில் இருப்பதையே மறந்துவிட்டார்கள். அதையும் கறுப்புக் கண்ணாடி போட்டு மூடிக்கொள்கிறார்கள், வீட்டுக்குள்ளேயே.

கன்னையனுடைய கட்சி இதுதான். இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவனாகத் தன் மகன் செல்வக்குமாரே இருக்கிறானே என்பதுதான் அவருடைய வயிற்றெரிச்சல்.

செல்வக்குமாருக்கு வீரபாண்டியில் பனியன் கம்பெனி. வெளிநாட்டுக்குத் துணி அனுப்புகிறவன். பையரை, அதாவது அங்கே துணி வாங்குகிற கம்பெனிக்காரனை, பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாக சாக்லேட்டும் செண்டும் வாங்கி வருவார்கள். இவனைப் பையர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரோப்ளேனில் கூட்டிப்போய் மேலேயிருந்து குதிக்க வைத்திருக்கிறான். அங்கே பிடித்த கிறுக்கு திருப்பூர் வந்தும் தெளியவில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் குதித்துவிட்டு வந்தான். இப்போது கணியூருக்குப் பக்கத்தில், ஒரு மில்காரர் போட்டு வைத்திருந்த விமான ஓடுதளத்திலேயே குதிக்கிற கேம்ப் நடக்கிறதாம். கம்பெனியின் புது டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு இவன் விழுவானாம். கூடவே கேமராக்காரன் ஒருவன் விழுந்துகொண்டே படம் எடுப்பானாம். அந்தப் படம் பையருக்குப் போகுமாம்.

“துணி நல்லா இருந்தா நின்னுட்டு எடுத்தாலும் விக்கும்டா” என்று கன்னையன் சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே.

கிளம்புவதற்கு முதல் நாள் காலை, சாப்பிடுகிற மேஜையில் செல்வக்குமார் ஒரு சாமானை எடுத்து வைத்தான். தீப்பெட்டி அளவுதான் இருக்கும்.

“என்னடா இது?”

“ஒசரம் சொல்றதுங்கப்பா. ஹெல்மெட்டுக்குள்ள காதோரமா வெச்சுக்கோணும். உழுந்துட்டு இருக்கறப்ப, பாராசூட்டை விரிக்கிற ஒசரம் வந்துதுன்னா காதுல கத்தும்.”

“கத்தலீன்னா?”

“கத்துமுங்க.”

“ஏன், பூமி வர்றது உனக்குத் தெரியாதா? அதென்ன சைக்கிளா, சத்தமில்லாம சந்துக்குள்ளயிருந்து வாரதுக்கு?”

செல்வக்குமார் சிரித்தான். “கையிலயும் ஒண்ணு கட்டிக்குவமுங்க, வாட்ச்சாட்டம். முள்ளு காட்டும். ஆனா படம் எடுக்கறப்ப கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தா நல்லாவா இருக்கும்? அதுக்குத்தான் இது.”

சொல்லிவிட்டு அதை அப்பாவின் காதருகே கொண்டுபோய் அமுக்கினான். கன்னையனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியின் ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு வெளிச்சம் மட்டும் மின்னியது. இட்லிப் பாத்திரத்தோடு வந்த மருமகள் கோமளா தோளை உயர்த்திக் காதை மூடிக்கொண்டாள்.

“ஐயோ, காதுக்குள்ள ஊசி உட்டாப்பல இருக்குதுங்க.”

“பாத்தீங்களா, எப்படி அடிக்குது!” என்றான் செல்வக்குமார், அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே.

கன்னையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோமளா சேவூர்க்காரி, பொய் பேசத் தெரியாத பெண் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். புருஷன் பைத்தியக்காரத்தனம் பண்ணினால் கூட நின்று தாளம் போடுகிறாளே என்று இருந்தது.

“ஊமைப் பொட்டியை வித்துட்டான் உனக்கு. நீயும் வாங்கிட்டு வந்து பேசுதுங்கறே” என்று சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டார்.

அந்த வீட்டில் இதெல்லாம் கத்தித்தான் பேசப்படும். அடுத்த வீட்டுக்காரர்கள் குடிவந்த புதிதில் ஏதோ சண்டை என்று ஓடி வந்ததுண்டு. சண்டையெல்லாம் இல்லை, தறிப் பழக்கம். பனியன் கம்பெனிக்கு முன்னால் கன்னையனுக்கு மங்கலம் ரோட்டில் விசைத்தறிக் குடோன். தகர அட்டைக்குக் கீழே தறிகள் அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அதற்கும் மேலே கைஜாடை. விரலைச் சொடுக்கிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது, முஷ்டியை மடக்கிக் கீழே இழுத்தால் தறியை நிறுத்து. செல்வக்குமார் தவழ்ந்ததே அந்தக் குடோனில்தான். பாடம் படித்தது, தூங்கியது, மீசை முளைத்து அவனே தறி ஓட்டியது எல்லாம் அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை கன்னையனும் காரில் ஏறி உட்கார்ந்தார்.

“நீங்க எதுக்குங்க மாமா வெயில்ல?” என்றாள் கோமளா.

“அள்ளீட்டு வாரதுக்கு ஒரு ஆளு வேண்டாமா?”

செல்வக்குமார் வண்டியைக் கிளப்பி, நேரே கணியூரில் கொண்டுபோய் நிறுத்தினான்.

கேம்ப்பை நடத்துகிறவர் ஜெயபாண்டி. பட்டாளத்தில் குதித்துப் பழகியவர், சாத்தூர்ப் பக்கத்து ஆள். கன்னையனின் முகத்தைப் பார்த்ததுமே வந்து நாற்காலி போட்டார்.

“பயப்படாதீக ஐயா. நெறையப் பேரை எறக்கியிருக்கோம்.”

“அந்தக் காதுல கத்தற பொட்டி கத்தாது. தெரியுமா உங்களுக்கு?”

“அது சும்மா ஒத்தாசைக்குத்தான் ஐயா. அது கத்தும், கத்தாமலும் போவும். மொத வேலை கண்ணுக்கு. முள்ளைப் பாக்கணும், கீழ பூமியைப் பாக்கணும், எந்த ஒசரத்துல இருக்கோம்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கணும். ஒங்க மகன்கிட்டயும் தலையில குட்டாத கொறையாச் சொல்லியிருக்கேன்.”

“சொன்னாக் கேக்கற ரகமா அது?”

“கேக்கலேன்னாலும் முதுகுல இன்னொரு பாராசூட் இருக்கு. ரொம்பத் தாழ வந்துட்டா ஒரு கருவி அதைத் தானா விரிச்சு விட்டுரும்.”

கன்னையன் நாற்காலியில் நிமிர்ந்தார். “மறக்கறவனுக்குன்னே ஒரு மிசினு வெச்சிருக்கறீங்க. அப்ப மேல போயி அவன் என்னதான் பண்றான்?”

ஜெயபாண்டி வானத்தைப் பார்த்தார்.

விமானம் கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குப் போய், சத்தம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பிறகு இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஒட்டிக்கொண்டு வந்த புள்ளிகள் சட்டென்று விலகின. ஒன்றின் தலைக்கு மேல் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பாராசூட் பூத்தது. கோமளா கைதட்டினாள்.

இன்னொன்று விழுந்துகொண்டே இருந்தது.

“அதெது, ஒருத்தன் மட்டும் நிக்காம வாரான்?” என்றார் கன்னையன்.

ஜெயபாண்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “இழு! இழுய்யா!” என்று மேலே பார்த்துக் கத்தினார். கோமளா தட்டிய கை அப்படியே ஒட்டிக்கொண்டது. புள்ளிக்குக் கை முளைத்தது, கால் முளைத்தது. கைகால்களை விரித்துக்கொண்டு, வயிறு கீழே, சாவகாசமாக வந்தது. பாயில் படுத்திருக்கிற மாதிரி. கன்னையன் கத்தவில்லை. அவருடைய வலது கை தானாக உயர்ந்து, முஷ்டியை மடக்கிக் கீழே இழுத்தது. மறுபடி இழுத்தது. நிறுத்து, தறியை நிறுத்து, நிறுத்துடா.

கரும்புக் காட்டுக்கு மேலே, தென்னைமரங்கள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நட்டால் தொட்டுவிடலாம் என்கிற மாதிரி உயரத்தில், வெள்ளையாக ஒன்று படீரென்று விரிந்தது. ஆடி ஓய்வதற்குள் கரும்புக்குள் இறங்கி மறைந்துவிட்டது.

அவர்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது செல்வக்குமார் வரப்பில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். புது டீ-சர்ட் தோளில் பிரிந்து தொங்கியது.

“அடிக்கலீங்க. அது அடிக்கவே இல்லீங்க” என்றான்.

“நாஞ் சொன்னேன்!” என்றார் கன்னையன். அவன் கழுத்தில் ஒட்டியிருந்த சோகையை வெடுக்கென்று பிடுங்கி எறிந்தார்.

“கையில முள்ளைப் பாத்தீகளா?” என்று கேட்டார் ஜெயபாண்டி.

“படத்துக்குக் கையை விரிச்சு வெச்சிருந்தனுங்க… அதுதான் அடிக்குமேன்னு இருந்துட்டேன்.”

“கேமராக்காரர் பிரியறப்ப ரெண்டு கையையும் ஆட்டியிருப்பாரே. நான் இழுக்கப் போறேன், நீயும் இழுன்னு அர்த்தம். சொல்லிக் குடுத்தேனே!”

“படத்துக்குக் காட்டறாருன்னு நெனச்சு, நானும் பதிலுக்கு ஆட்டுனேனுங்க.”

“டாட்டா காட்டியிருக்கறான்” என்றார் கன்னையன். “எமனுக்கு.”

ஜெயபாண்டி ஹெல்மெட்டிலிருந்து அந்தப் பெட்டியைக் கழற்றி அமுக்கினார். கோமளா காதை மூடிக்கொண்டாள். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியோடு திரும்பிப் பார்த்தான்.

“அடிக்குதே” என்றார் ஜெயபாண்டி.

“இப்பவா?” என்றான் செல்வக்குமார்.

“ஏனுங்க, இப்பத்தான அடிச்சு ஓஞ்சுது!” என்றாள் கோமளா.

ஜெயபாண்டி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவனுக்குப் பின்னால் போய் நின்று, வெளிச்சம் தெரியாதபடி பெட்டியை உள்ளங்கையில் பொத்தி அமுக்கினார். செல்வக்குமார் திரும்பவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோய் அமுக்கினார். அவன் எதிரே நின்ற கோமளாவின் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் திரும்பினான்.

“தறியில இருந்தீகளா?” என்று கேட்டார் ஜெயபாண்டி.

“சின்ன வயசுலயிருந்துங்க.”

“பீரங்கிக்காரங்க கொஞ்சப் பேரை இப்படிப் பாத்திருக்கேன். பேச்செல்லாம் கேக்கும். இந்தக் கீச்சுச் சத்தம்தான் மொதல்ல போவும். மேல காத்து இரைச்சல் வேற.”

செல்வக்குமார் காதைத் தேய்த்துக்கொண்டான். “நேத்து ஊட்டுலயும் எனக்குக் கேக்கலீங்களாட்ட இருக்குது. லைட்டு மின்னுச்சு, கோமளா காதை மூடுனா. சரி, அடிக்குதுன்னு நெனச்சுட்டேன்.” அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். “உங்களுக்கும் கேக்கலீங்களே.”

“கேக்கோணும்னா அது அடிக்கோணுமல்லடா.”

“மாமா, தண்ணி கட்டறவரு வரைக்கும் திரும்பிப் பாத்தாருங்க. நம்ம ஊட்டுல எல்லாரும் கத்தித்தான பேசறீங்க? தறிச் சத்தத்துல…”

“கத்திப் பேசுனா செவிடா? நாங்க ஒளிச்சு மறைச்சுப் பேசாத ஆளுங்க. அதுதான் கத்தறம். தறி ஓட்டுனவனெல்லாம் செவிடுன்னா மங்கலம் ரோட்டுல ஒரு பஸ்ஸு போவ முடியுமா? எந்தத் தறி சோறு போட்டுச்சோ, அதும் மேல பழியப் போடறீங்க. ஊமைப் பொட்டி செஞ்சவன் நல்லவனாயிட்டான்.”

 

செல்வக்குமார் தயங்கித் தயங்கி ஜெயபாண்டியிடம் கேட்டான்: “கண்ணோரமா லைட்டு எரியற மாதிரி ஒண்ணு வந்திருக்குதாமுங்களே. அதைப் போட்டுக்கிட்டா…?”

“மொதல்ல முள்ளைப் பாக்கப் பழகுங்க. அதுக்கப்புறம் எதை வேணாலும் போடலாம்” என்றார் ஜெயபாண்டி.

கன்னையனுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல. “ஒரு பொட்டி ஏமாத்துச்சு. ஒரு பொட்டி காப்பாத்துச்சு. இப்ப மூணாவது பொட்டியா? பேசாம அந்தப் பொட்டிகளை மட்டும் மேல அனுப்பிச்சுட்டு நீ ஊட்டுல படுத்துக்கடா. உன்ற வேலை ஒண்ணுதான் அங்க ஆகாம நின்னுது.”

கோமளா பெட்டியை வாங்கி அவர் காதருகே கொண்டுவந்தாள். “இன்னொருக்கா கேட்டுப் பாருங்க மாமா. நெசமா அடிக்குதுங்க.”

அமுக்கினாள். அவள் கண்கள் சுருங்கின. ஜெயபாண்டியின் புருவம் நெரிந்தது. செல்வக்குமார், அவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாக அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

கன்னையன் தலையைச் சாய்த்து நிதானமாகக் கேட்டார். தூரத்துக் கிணற்றில் ஆயில் இஞ்சின் டொப் டொப்பென்று ஓடிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

“போதும், நிறுத்துங்க உங்க நாடகத்தை” என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடுமலை பஸ் நிற்கிற ரோட்டைப் பார்த்து வரப்போடு நடந்தார்.

“அப்பா, காருல போலாமுங்க!” என்று செல்வக்குமார் பின்னாலிருந்து கத்தினான். அது அவருக்கு நன்றாகக் கேட்டது. ஆயில் இஞ்சினும் கேட்டது. கேட்கிறது எல்லாம் கேட்கத்தான் செய்கிறது. அடிக்காததை அடிக்கிறது என்றால் அவர் என்ன செய்ய முடியும்? திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.