சுவரில் ஒரு மாலை

“அந்த மாலையை அழிச்சிடச் சொல்லுங்கண்ணே.”

வாலண்டியர்கள் வரைந்ததைத் திருத்தச் சொல்லி மட்டும் கேட்கவே கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே தொண்டு நிறுவன மேலாளர் கிரிதரன் ஷாமினியிடம் சொல்லியிருந்தார். கடல் தாண்டிச் சேவை செய்ய வருகிறவர்கள், மனசு நோகக் கூடாதாம். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் அவர் எதிரிலேயே உட்கார்ந்து அவள் இன்று அதையே கேட்டாள்.

கிள்ளானில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்ச்சுவரில், வெளிநாட்டு வாலண்டியர் கிளாராவின் குழு அவள் அம்மா புஷ்பவல்லியை வரைந்திருந்தது. முகம் அச்சு அசல். கடைசி நாளில், யாரையும் கேட்காமல், முகத்தைச் சுற்றிச் சட்டம் போட்டு, சட்டத்தில் பொட்டு வைத்து, சாமந்தி மாலையும் தொங்கவிட்டார்கள். பக்கத்து வீட்டு ரமணி அக்கா வீட்டில், செத்துப்போன புருஷன் படம் அப்படித்தான் இருக்கும். அங்கே காப்பி குடிக்கப் போன வாலண்டியர்கள் அதன் அழகில் மயங்கிவிட்டார்கள். அடுக்குமாடியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விருந்தாளிகளுக்கு இன்னொரு சுற்று மைலோ கலக்கிக் கொடுத்தார்கள்.

அம்மா வேலைக்குப் போகும் தொழிற்சாலை பஸ் அந்தச் சுவரடியில்தான் நிற்கும். “புஷ்பா, கருமாதிச் சாப்பாடு எப்ப?” என்று பஸ்ஸில் கேட்டார்கள். அம்மாவும் முதலில் சிரித்தாள். பிறகு யாரோ சுவரடியில் ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்கள். திங்கட்கிழமை அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன். “எனக்குத்தான் மாலை போட்டாச்சே, கத்தி வேற வைக்கணுமா? நான் ஆஸ்பத்திரிக்குப் போகல,” என்று படுத்துக்கொண்டாள்.

“சனிக்கிழமை அந்தச் சுவருக்குத் திறப்பு விழா லா,” என்றார் கிரிதரன். “ஸ்பான்சர் எல்லாம் வராங்க. அப்புறம் பார்ப்போம்.”

“மாலை போட்ட படம்னா என்னன்னு உங்களுக்கே தெரியாதாண்ணே?”

“தெரியும். ஸ்கெட்ச் காட்டினாங்க. மாலை இருந்தா போட்டோவுல எடுப்பா இருக்கும்னு விட்டுட்டேன்.”

தெரியாமல் செய்தவர்களைவிட, தெரிந்தே தலையாட்டிய இந்த மனுஷன் மேல்தான் ஷாமினிக்கு ஆத்திரம் வந்தது.

சத்தம் கேட்டு கிளாரா உள்ளே வந்தாள். ஷாமினி ஆங்கிலத்தில் ஒளிக்காமல் சொன்னாள்: உயிரோடு இருக்கிற என் அம்மாவைச் செத்தவளாக வரைந்து வைத்திருக்கிறீர்கள். கிளாராவின் கண்கள் நிறைந்தன. கௌரவிக்கத்தானே வரைந்தோம், எல்லாரும் சிரித்தார்களே என்றாள். கிரிதரன் டிஷ்யூவுக்கு ஓடினார். கிளாராவுக்குத் தண்ணீர் வந்தது, நாற்காலி வந்தது. அம்மாவின் பேச்சை மறுபடி யாரும் எடுக்கவில்லை.

“அழ வச்சிட்ட பாரு. குடும்பத்துல மொத டிகிரின்னா வாய் இவ்வளவு நீளுமா? ஸாரி சொல்லு.”

“எங்கம்மா வீட்ல அழுவுது. அதுக்கு யார் சொல்றா?”

“சுவரைத் தொட்டா வேலை இருக்காது, ஷாமினி.”

“வேலையை நீங்களே வச்சுக்குங்கண்ணே.”

வரைந்தவர்களே வந்து அழித்தால் அம்மா மனசு கொஞ்சம் ஆறும் என்றுதான் கேட்க வந்திருந்தாள். வெள்ளைப் பெயிண்டைக் காலையிலேயே வாங்கி ரமணி அக்கா வீட்டில் வைத்தாயிற்று. மாலைக்கு மட்டும் என்றால் சின்ன டின் போதும். அவள் வாங்கியது முழுச் சுவருக்கும் போதுமான பெரிய வாளி.

பையை எடுத்துக்கொண்டு, கிள்ளான் ரயிலைப் பிடிக்கப் படியிறங்கினாள்.