ஏழு கேள்வி மாரடைப்பு

தொழிற்சாலையில் அவரைப் 'பத்திரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதுகாப்பு அதிகாரி. டீ கொண்டுவருகிறவரிடம்கூட "பத்திரம், சூடு" என்று எச்சரிக்காமல் விடமாட்டார். மாரடைப்பு முதலுதவி வகுப்பைப் பதினோரு வருடங்களாக அவர்தான் எடுக்கிறார். அதற்கென்று ஒரு படம் உண்டு: நெஞ்சைப் பிடித்தபடி ஒரு வழுக்கைத் தலையர், தொப்பை, மீசை, விரலிடுக்கில் சிகரெட். கீழே ஏழு கேள்விகள்.

மறுநாள் வகுப்புக்காக அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்திருந்தபோதுதான், பிரசவமாகிப் பன்னிரண்டு நாளான மனைவி வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"நெஞ்சுல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்குங்க. தாடை வேற வலிக்குது."

அவர் பதறவில்லை. பதறக் கூடாது என்பது வகுப்பின் முதல் பாடம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வயசு ஐம்பதுக்கு மேலயா?"

"முப்பத்திரண்டு. போன மாசம்தானே கேக் வாங்கிட்டு வந்தீங்க."

"புகை பிடிக்கற பழக்கம்?"

"உங்ககூட இருந்தும் இன்னும் பழகல."

"ஆணா?"

அவள் தொட்டிலைப் பார்த்தாள்.

ஏழுக்கும் இல்லை. படத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "வாயுதான். பால் கொடுக்கும்போது கூன் போட்டு உட்கார்றே."

அப்போது டயப்பர் பொட்டலத்தோடு அவர் தங்கை உள்ளே வந்தாள். டாக்சி ஓட்டுகிறவள். அவள் படத்தைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தாள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்வை வழிந்தது.

"அண்ணி, நடக்காதீங்க. வண்டியை வாசலை ஒட்டி நிறுத்தறேன். அண்ணா, பிள்ளையைத் தூக்கு."

"ஏழுல ஒண்ணுகூட இல்லையேம்மா..."

"அந்த வழுக்கைக்காரன் வந்தா நீ பாத்துக்கோ. இவங்களை நான் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரியில் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, ஆஞ்சியோ எல்லாம் முடிந்து இதய மருத்துவர் வெளியே வந்தார்.

"மாரடைப்புதான். ஆனா கொழுப்பு அடைப்பு இல்ல. இதயத்துக்குப் போற ரத்தக்குழாயோட உள்சுவர் தானா கிழிஞ்சிருக்கு. அந்த இடுக்குல ரத்தம் புகுந்து வழியை நெருக்கிடுச்சு. பிள்ளை பெத்த புதுசுல அபூர்வமா சில பெண்களுக்கு வரும். பெரும்பாலும் தானா ஆறிடும். கொஞ்ச நாள் இங்கயே வெச்சுக் கவனிக்கறோம். வீட்டுலயே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது."

"ஆனா டாக்டர், என் ஏழு கேள்வியில..."

"எட்டாவதா ஒண்ணு கேட்டிருக்கலாமே. சமீபத்துல பிரசவம் ஆச்சான்னு."

குழந்தை அவர் தோளில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் சுருட்டிய படம். பிரசவ ஃபைலை வீட்டில் விட்டுவிட்டு அதைத்தான் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். தங்கை அதைப் பார்த்தாள். அண்ணன் முகத்தையும் பார்த்துவிட்டு, பாவம் என்று குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

நான்காம் நாள், மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபோது, அவர் படத்தை விரித்துக் காட்டினார். பதினோரு வருடத்தில் முதல் திருத்தம். வழுக்கைக்குக் கூந்தல் முளைத்திருந்தது. மீசை போயிருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை. அடியில், சிவப்பு மையில் எட்டாவது கேள்வி.

"சரியா இருக்கா?"

அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"தொப்பை இருக்கட்டும், பெத்தவதானே. கையில இருக்கற சிகரெட்டை எடுங்க. பக்கத்துல குழந்தை இருக்கு, பத்திரம்."