பின்னால் போகாத ஜீப்

ரிவர்ஸ் கியர் அடைக்கப்பட்ட அந்த ஜீப், இன்ஜின் மாற்றிய மறுநாளிலிருந்து தினமும் பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு, ஓட்டுபவர் யாரும் இல்லாமல் எண்பத்தாறு தப்படி பின்னால் போனது. ஷெட்டின் தரை சரிவு என்று சொன்னவர்கள் உண்டு. ரசமட்டம் வைத்துப் பார்த்தாயிற்று, சரிவில்லை. வீட்டின் மூத்த மகன் குடித்துவிட்டு ஓட்டினார் என்று சொன்னவர்களுக்குப் பதில் தேவையில்லை. அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் குடித்ததில்லை.

ஜீப் மூத்தவரின் அப்பாவான பெரியவருடையது. நாற்பத்தொரு வருடத்துக்கு முன்பு, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஆற்றுப் பாலத்தில் பெரியவர் ஜீப்பை ஏற்றியபோது எதிரே ஒரு வேன் வந்தது. யார் ஒதுங்குவது என்ற கேள்வி எழுந்தது. பெரியவர் இன்ஜினை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் கழித்து, மூன்று ஐம்பதுக்கு, வேன் பின்னால் போனது. அது எவ்வளவு தூரம் போயிற்று என்று இறங்கி அளக்கச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினான்கு வயது மூத்தவர் இறங்கி எண்ணினார். எண்பத்தாறு தப்படி. மறுநாள் பெரியவர் கியர் பெட்டியில் ரிவர்ஸ் விழும் இடத்தைப் பித்தளைக் கட்டை வைத்து அடைத்தார். அதன்பின் "நம்ம வண்டி பின்னால போகாது" என்பது அந்த வீட்டின் சொத்தாயிற்று. கடைவீதியில் நிறுத்திய ஜீப்பைத் திருப்பிக் கொண்டுவர நான்கு தெரு சுற்றி வந்தார்கள். ரிவர்ஸ் என்ற சொல்லை வீட்டுக்குள் யாரும் சொல்வதில்லை. மூத்தவரின் மனைவி கல்யாணமாகி வந்த வாரமே இதைத் தெரிந்துகொண்டார்.

வேனில் இருந்தது தையல்காரரும் பிரசவ வலியில் இருந்த அவர் மனைவியும். குழந்தை பாலத்தின் மேலேயே பிறந்தது, அழவில்லை. வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது இது சொல்லப்படுவதில்லை. தையல்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி பெரியவர் வீட்டுத் தெருவிலேயே கடைசி வீட்டில் இருக்கிறார். பெரியவரின் வாசலைக் கடக்கக் கூடாது என்று நாற்பத்தொரு வருடமாகப் பின்சந்து வழியாகவே போய்வந்தார்.

ஜீப் பத்தொன்பது வருடமாக ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்தது. மாடியில் படுக்கையாகிவிட்ட பெரியவர் தினமும் கண் விழித்ததும், "வண்டி ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுதுப்பா" என்பார் மூத்தவர். பொய் சொல்லி வளர்ந்தவரல்ல அவர். அப்பாவின் காது கேட்கும்போதே அந்தப் பொய்யை மெய்யாக்கிவிட வேண்டும் என்றுதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அந்த மெக்கானிக்கை எல்லோரும் முக்கால் என்று அழைப்பார்கள். எந்த வேலையை எப்போது கேட்டாலும், "முக்கால்வாசி முடிஞ்சிருச்சு சார்" என்பான்.

துருவைச் சுரண்டி, சேசிஸில் ஓட்டை விழுந்த இடங்களுக்குத் தகடு வைத்துப் பற்றவைத்து, பிரைமர் அடித்து, பழைய பச்சையையே பூச ஏழு மாதம் ஆனது. பழைய பெட்ரோல் இன்ஜின் வெடிப்பு விட்டிருந்தது, பாகம் கிடைக்கவில்லை. முக்கால் காயலான் கடையிலிருந்து ஒரு டீசல் இன்ஜின் கொண்டுவந்தான். கியர் பெட்டியோடு அதைச் சேர்க்க ஒரு தடித்த இரும்புத் தட்டைத் தானே கடைந்தான். அது எந்த வண்டியின் இன்ஜின் என்று மூத்தவர் கேட்கவில்லை. பழைய சாமானின் பூர்வீகத்தை விசாரிப்பது கௌரவக் குறைச்சல் என்று அந்த வீட்டில் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

"சார், கியர் பெட்டியில ஒரு பித்தளைக் கட்டை இருக்கு. எடுத்துட்டா ரிவர்ஸ்..."

"அந்த வார்த்தை இங்க வேண்டாம். கட்டைய இருந்த இடத்துலயே வச்சுப் பத்தவை."

இன்ஜின் முதல் முறை உறுமியதும் மூத்தவர் இரண்டு இரண்டு படியாக மாடி ஏறினார்.

"கேட்டீங்களாப்பா? நம்ம வண்டி."

பெரியவர் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "இது நம்ம வண்டி இல்ல."

"இன்ஜின் மட்டும் மாத்தியிருக்குப்பா."

"தெரியுது. ரெண்டு மணி நேரம் இந்தச் சத்தத்துக்கு எதிர்லதானே உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏதோ ஒரு பழைய வேனிலிருந்து எடுத்தது என்று காயலான் கடைக்காரர் சொன்னதாக முக்கால் சொன்னான்.

மறுநாள் மூன்று ஐம்பதுக்கு ஜீப் தானாகக் கிளம்பி, பின்பக்கமாக ஷெட்டை விட்டு வெளியேறி, தெருவில் இறங்கி, இடது ஓரமாக ஒதுங்கி, யாருக்கோ வழிவிடுவதுபோல் உறுமிக்கொண்டே நின்றது. மூத்தவர் அளந்து பார்த்தார். எண்ணிக்கை அவருக்குத் தெரிந்ததுதான். திரும்ப முன்னால் ஓட்டிவந்தபோது ஜீப் எந்த முரண்டும் பிடிக்கவில்லை. அடுத்த நாள் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். கற்களும் கூடவே போயின. சங்கிலி போட்டுத் தூணில் கட்டினார்கள். சங்கிலி அறுபடவில்லை, எண்பத்தாறு தப்படிக்கு நீண்டுகொடுத்தது. ஜீப்பைத் திருப்பிப் பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தினார்கள். அன்று சுவர் தள்ளிப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என் தோட்டத்தைக் காணோமே சார்" என்றார். அவரிடம் வருத்தம் தெரிவித்து, மறுநாளே ஜீப் பழையபடி நிறுத்தப்பட்டது. சுவரும் திரும்பி வந்தது.

"என்னங்க, அந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு வேற வைங்களேன்" என்றார் மனைவி.

முக்கால் எல்லா போல்ட்டையும் கழற்றி, உத்தரத்தில் பாரம் தூக்கும் செயின் பிளாக் மாட்டி, நான்கு ஆட்களோடு இழுத்தான். உத்தரம் வளைந்தது. இன்ஜின் ஒரு நூல்கூட எழவில்லை.

"முக்கால்வாசி...?" என்றார் மூத்தவர்.

"இல்ல சார்" என்றான் முக்கால். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை யாரும் அதுவரை கேட்டதில்லை.

மூத்தவர் ஷெட்டின் வாசலில் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, நாற்பது நாள் ஜீப் போவதைப் பார்த்தபடி இருந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லை. தெருக்காரர்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார்கள். நாற்பத்தோராம் நாள் மாடியிலிருந்து குரல் வந்தது.

"என்னைக் கீழ இறக்கு. வண்டில ஏத்து."

"அப்பா, மூணு அம்பதுக்கு அது முன்னால போகாது..."

"எங்க போகும்னு தெரியும். ஏத்துடா."

சலவைச் சட்டை போட்டு, தூக்கிவந்து முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். மூத்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார், அதற்கு வேலையில்லை. மூன்று ஐம்பதுக்கு ஜீப் பின்னால் போயிற்று. தெரு ஓரம் ஒதுங்கி நின்றது. கடைசி வீட்டிலிருந்து தையல்காரரின் மனைவி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சந்துப் பக்கம் திரும்பவில்லை. தெருவின் நடுவிலேயே நடந்து வந்தார். அவர் ஜீப்பை நெருங்கியபோது, இரண்டு வருடமாக அசையாத தன் கால்களைப் பெரியவர் உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த அம்மா நிற்கவில்லை, பார்க்கவும் இல்லை. கடந்து போனார்.

"எத்தனை?" என்று கேட்டார் பெரியவர்.

"எண்பத்தாறுப்பா."

"நாம பின்னால நாலு தப்படி போயிருந்தா போதும்" என்றார் பெரியவர். "அன்னைக்கே தெரியும்."

மூத்தவருக்கும் அன்றைக்கே தெரியும்.

அந்த மாதக் கடைசியில் பெரியவர் இறந்தார். ஜீப் நிற்கவில்லை. வாசல் கேட்டை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டினார்கள். தெருவின் இடது ஓரத்தில் யாரும் வண்டி நிறுத்துவதில்லை. தையல்காரரின் மனைவி அந்த நேரத்தில் அந்த வழியாகத்தான் போகிறார், யாரையும் பார்ப்பதில்லை. மூத்தவர் மூன்றரைக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, ஸ்டியரிங்கின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார். அந்த வீட்டு வண்டி ஆளில்லாமல் பின்னால் போனது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.