பதினோரு போல்ட்டும் ஓர் ஈர்க்கும்

ஷட்டருக்கு அடியில் ஒரு விரல் அகல வெளிச்சம். காலையில் முதலில் அதுதான் வரும். அதற்குப் பிறகுதான் சூரியன்.

அந்த வெளிச்சத்தில் தூசி மிதக்கும். சிவந்த தூசி. நம் தேரிக்காட்டு மணலைவிடச் சிவப்பு, அம்மா.

தூசி வண்டியிலிருந்து வருகிறது. வண்டி பாலைவனத்திலிருந்து வந்தது. நான் தூத்துக்குடியிலிருந்து வந்தேன். இரண்டு பேரும் இப்போது டார்வினில், பியூலா அக்கா வீட்டு கராஜில் நிற்கிறோம்.

வண்டிக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு இருபத்து நாலு. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய டீசல் டிரக் அது. ரோடு முடிந்த இடத்துக்கு அப்புறமும் போவதற்காகவே செய்தது.

அக்கா முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து வருவாள். சீருடையை மாற்றுவாள். வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். மூன்று வருஷமாக இப்படித்தானாம். இரண்டு பாதம் மட்டும் வெளியே தெரியும். வந்த முதல் வாரம் நான் அந்தப் பாதங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

கதவைத் தட்டினால் மண் கொட்டும். சீட்டைத் தூக்கினால் மண். விளக்குக் கண்ணாடிக்குள்ளேகூட மண். எந்த வழியாகப் போயிற்று என்று தெரியவில்லை. எத்தனை ஆயிரம் மைல் என்றும் தெரியவில்லை.

"கழுவி விடவாக்கா?"

"பொறுல. முதல்ல இது உசுரோட எழும்பட்டும். மண்ண மழ பாத்துக்கும்."

இது மழைக்கு முந்தின மாதம். மத்தியானம் ஆனால் வானம் கறுக்கும். இடிக்கும். ஒரு சொட்டு விழாமல் போய்விடும். ஊரே மேலே பார்த்தபடி நடக்கிறது.

நானும் காத்திருந்தேன். வேலைக்கு எழுதிப் போட்ட எதற்கும் பதில் இல்லை. இரண்டு மாதம். அக்கா வடித்த சோறு. அக்கா வீட்டு ஃபேன்.

'இருக்குற எடத்துல உபகாரமா இருய்யா' என்று சொல்லி அனுப்பினாயே. உபகாரமாக இருக்க ஒரு வேலையை வீடு முழுக்கத் தேடினேன். பாத்திரம் கழுவினேன். ஜன்னல் துடைத்தேன். பிறகு கராஜுக்குப் போனேன்.

அங்கே ஓர் அட்டை கிடந்தது. மாம்பழப் பெட்டியைக் கிழித்த அட்டை, எண்ணெய் ஊறிக் கறுத்தது. அதில் கோணல்மாணலாக ஏதோ வரைந்து, கோட்டைச் சுற்றிப் பதினோரு போல்ட் குத்தியிருந்தது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. துருவும் சேறுமாக.

டீசலில் கழுவினேன். பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்தேன். வெள்ளி மாதிரி ஆயிற்று. வெள்ளைத் துணி விரித்து, குட்டையில் தொடங்கி நெட்டையில் முடித்து, வரிசையாக வைத்தேன். அட்டையைக் குப்பையில் போட்டேன். அன்றைக்குக் குப்பை வண்டி வருகிற நாள்.

சாயங்காலம் அக்கா வந்தாள்.

"லே கிப்சா, இங்க ஒரு அட்ட இருந்துச்சே, எங்கல?"

"அழுக்கா கெடந்துச்சுக்கா. போட்டுட்டேன். போல்ட்டெல்லாம் கழுவி அடுக்கி வச்சிருக்கேன், பாரேன்."

அக்கா பார்த்தாள். அங்கே கிடந்த டயரின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

"வரிச நல்லாத்தாம்ல இருக்கு. ஞாயித்துக்கிழம பள்ளிக்கூடத்துப் புள்ளைய மாதிரி."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அட்டையில் இருந்தது இன்ஜினின் முன்பக்க மூடி. ஓட்டை இருக்கிற இடத்திலேயே அதன் போல்ட்டைக் குத்தி வைப்பார்கள். எழுத வேண்டாம், எண் போட வேண்டாம். அட்டைதான் ஞாபகம். நான் ஞாபகத்தைக் குப்பையில் போட்டிருந்தேன்.

"நெட்ட போல்ட்டு குட்ட ஓட்டைக்குப் போச்சுன்னா, இறுக்குற இறுக்குல இன்ஜின் பிளாக்கே விரிஞ்சிரும். வேற பிளாக்கு கெடைக்காது. எத்தன பேரு கை மாறி வந்திருக்கு! நம்ம வீட்டுல வந்தா ஒடையணும்?"

நான் பின்வாசலுக்குப் போனேன். இந்த ஊரிலும் தென்னை உண்டு, அம்மா. விழுந்து கிடந்த மட்டையில் உட்கார்ந்து ஓலையைக் கிழித்தேன். கிழித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கையில் ஈர்க்கு மட்டும் மிஞ்சியது.

மண்ணெண்ணெய் டின்னுக்குள் ஈர்க்கு விட்டுப் பார்ப்பாயே. நனைந்த இடத்தில் நகத்தை வைத்து, இன்னும் நாலு நாள் வரும் என்பாயே.

ஓடினேன்.

மூடியை இன்ஜினில் பொருத்தி அக்கா பிடித்துக்கொண்டாள். முதல் ஓட்டையில் ஈர்க்கை விட்டேன். இறங்கியது. எதையோ தொட்டது. நகத்தால் கிள்ளி, வெளியே எடுத்து, வரிசைக்குப் பக்கத்தில் வைத்தேன். கிள்ளிய இடத்துக்குக் கொஞ்சம் குட்டையான போல்ட் எது? மூன்றாவது.

"வெரலால திருகு. ஸ்பேனரத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

விரலுக்கே போயிற்று. மரை மரையாக, வீட்டுக்குள் போகிறவன் மாதிரி.

இரண்டு. மூன்று. நாலு. ஒவ்வோர் ஓட்டைக்கும் ஓர் ஆழம். நான் பிறப்பதற்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ அளந்து துளைத்த ஆழம். இரும்புக்குள் இருக்கும் இருட்டை ஒரு தென்னை ஈர்க்கு போய்த் தொட்டுவிட்டு வந்தது.

பத்தாவது முடிந்தது. பதினோராவதில் ஈர்க்கு நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. என் விரல் மூடியைத் தொட்டது. அப்போதும் அடி இல்லை.

"அக்கா, இதுக்கு முடிவே இல்லக்கா."

அக்கா சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாக. "உள்ள தண்ணி ஓடுற வழி அது. அதுக்கு அடி கெடையாது. என்ன மிச்சம் இருக்கு?"

துணியில் ஒரே ஒரு போல்ட். நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. வைத்தேன். திருகினேன். அதன் தலை மூடியில் போய் உட்கார்ந்தது.

பெல்ட், ரேடியேட்டர், புது டீசல், எல்லாம் சேர ஒன்பது நாள். ஒன்பது நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் இரும்பு விரியும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலை. ஷட்டருக்கு அடியில் ஒரு விரல் அகல வெளிச்சம், மேகத்தால் மங்கிப்போய். அக்கா ஏறி உட்கார்ந்தாள். நான் முன்னால் நின்றேன், பதினோரு தலைகளையும் பார்த்தபடி.

செல்ஃப் எடுத்தது. நின்றது. எடுத்தது. நின்றது. மூன்றாவது தடவை உள்ளே எங்கோ ஒன்று தட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம்.

அது சத்தம் இல்லை, அம்மா. தரை அதிர்ந்தது. உள்ளங்கால் வழியே நெஞ்சுக்கு வந்தது. சுவரில் ஸ்பேனர்கள் ஆடின. கதவு இடுக்கிலிருந்தும், கூரை விளிம்பிலிருந்தும், விளக்குக்குள்ளிருந்தும் சிவப்புத் தூசி எழுந்தது. ஒரு பாலைவனம் விழித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

அக்கா குதித்து இறங்கி வந்தாள். மூடியின் விளிம்பு முழுக்க விரலால் தடவினாள். விரலைப் பார்த்தாள். காய்ந்த விரல்.

"ஒரு சொட்டு இல்லல."

அந்தச் சொட்டு அவள் கண்ணில் இருந்தது. இரண்டு பேரும் தூசி என்று துடைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் கூரையில் முதல் சத்தம். ஒன்று. இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை.

"ஷட்டரத் தூக்குல!"

தூக்கினேன். அக்கா மறுபடி ஏறி உட்கார்ந்தாள். வண்டி தன் காலால் நடந்து வெளியே போய் மழைக்குள் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா இறங்காமல் கண்ணாடிக்குள்ளிருந்து கத்தினாள்.

"அடுத்து கியர்பாக்ஸு! அட்டைய நீதாம்ல வரையணும்!"

வண்டியின் ஒவ்வோர் இடுக்கிலிருந்தும் சிவப்பு இறங்கியது. மழை பார்க்காத மண் மழையைப் பார்த்தது. சிமெண்டுச் சரிவில் ஓடி, என் காலடிக்கு வந்து, ஷட்டர் வந்து உட்காரும் பள்ளத்தில் நிறைந்தது.

ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புத் தண்ணீர். அதன் மேல், வழக்கம்போல, காலை வெளிச்சம்.